பழைய லேப்டாப்பில் இந்த கேம் ஓடுமா? காசு செலவழிப்பதற்கு முன் வரிசையாகப் பார்க்க வேண்டியவை

“மாமா, இதுல வேலரன்ட் ஓடுமா?”

ஜூன் விடுமுறை தொடங்கிய முதல் சனிக்கிழமை, சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்திலிருந்து அக்கா மகன் வந்து நின்றான். கையில் ஒரு பழைய லேப்டாப். அவன் அப்பா எப்போதோ வேலைக்காக வாங்கியது. பிறகு அக்காவின் வரவு செலவுக் கணக்குக்குப் போய், கடைசியில் பூசை மேடைக்குப் பக்கத்து மேசையில் தூங்கிக்கொண்டிருந்தது. பையன் உயர்நிலை இரண்டில் படிக்கிறான். கூட்டாளிகள் எல்லாரும் ராத்திரி எட்டு மணிக்கு மேல் அந்த ஆன்லைன் சுடும் கேமில்தான் கூடுகிறார்களாம். புதிதாக வாங்கித் தர அக்காவுக்கு மனமில்லை. “மாமாகிட்ட காட்டு, மாமா சொன்னா சரி” என்று என் தலையில் கட்டிவிட்டாள்.

குடும்பத்தில் ஒருவனுக்குக் கணினி தெரியும் என்று பேர் வந்துவிட்டால் அவ்வளவுதான். தீபாவளிக்குப் போன வீட்டிலும் முறுக்குத் தட்டோடு ஒரு லேப்டாப் வரும். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்வதைவிட, அன்று நாங்கள் இருவரும் உட்கார்ந்து பார்த்ததை எழுதி வைப்பது சுலபம் என்று தோன்றியது.

எழுதியிருக்கும் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். லேப்டாப்பில் சிலவற்றை மாற்றவே முடியாது, சிலவற்றைக் காசு கொடுத்து மாற்றலாம், சிலவற்றைத் தூசி தட்டினாலே போதும். மாற்ற முடியாததைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நிறையப் பேர் முதலில் ரேம் வாங்கிப் போட்டுவிட்டு, அப்புறம்தான் கிராஃபிக்ஸ் ஒத்துவரவில்லை என்று கண்டுபிடிக்கிறார்கள். போன காசு திரும்பி வராது.

‘ஓடும்’ என்றால் என்ன?

கேம் நிறுவனங்கள் ‘குறைந்தபட்சத் தேவை’ என்று ஒரு பட்டியல் போடுவார்கள். அந்தப் பட்டியலுக்குள் நம் கணினி வந்துவிட்டாலே நன்றாக விளையாடலாம் என்று நினைத்துவிடக் கூடாது. வேலரன்ட் 2020 ஜூனில் வெளிவந்தபோது, குறைந்தபட்சத்தில் இன்டெல் கோர் 2 டுவோ இ8400 என்ற பிராசஸரும் இன்டெல் எச்டி 4000 கிராஃபிக்ஸும் 4 ஜிபி ரேமும் இருந்தன. அந்த பிராசஸர் 2008ஆம் ஆண்டுச் சரக்கு. பார்க்கும் யாருக்கும் ‘அட, நம்மகிட்ட இருக்கிறதே போதும்’ என்றுதான் தோன்றும். ஆனால் அதே பட்டியலில், இந்த அளவுக்குக் கிடைப்பது நொடிக்கு 30 படங்கள்தான் என்றும் போட்டிருந்தார்கள்.

நொடிக்கு 30 படம் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 33 மில்லி செகண்ட். 60 படம் என்றால் சுமார் 17. சினிமா பார்க்க 24 படமே போதும். ஆனால் மூலையிலிருந்து எட்டிப் பார்ப்பவனைச் சுட வேண்டிய கேமில், எதிராளிக்கு 144 எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) வந்து நமக்கு 30 வந்தால், அவன் நம்மைப் பார்த்த பிறகுதான் நாம் அவனைப் பார்ப்போம். அதனால் எந்த கேமுக்கு எவ்வளவு எஃப்பிஎஸ் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். நான் வைத்திருக்கும் கணக்கு இது: சுடும் கேம் என்றால் நிலையான 60, டோட்டா 2, லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் போன்றவற்றுக்கு 40 தாண்டினால் சமாளிக்கலாம், சாவகாசமாகச் சுற்றித் திரியும் கேமுக்கு 30 போதும்.

இது யார் கணினி, எந்த வகை?

இதை ஒரு நிமிடத்தில் முடித்துவிடலாம். உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் இருக்கும் கற்றல் சாதனத்தில் பள்ளியின் நிர்வாகச் செயலி இருக்கும். கேம் நிறுவ அது விடாது. அதை உடைத்துப் பார்க்கும் வேலையெல்லாம் வேண்டாம். குரோம்புக் என்றால் இங்கே பேசும் விண்டோஸ் கேம்களை அதில் நேரடியாக நிறுவ முடியாது. ஆப்பிள் மேக் என்றால் வேலரன்ட்டும் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2ம் கிடையாது. லீக், டோட்டா 2 இரண்டும் உண்டு. மற்றபடி எல்லாம் விண்டோஸ்தான் என்று வைத்துக்கொண்டு மேலே போவோம்.

பிராசஸரும் கிராஃபிக்ஸும்: தலையெழுத்து இங்கேதான்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபாமன்ஸ் பகுதியில் சிபியூவைத் தட்டினால் வலது மேல் மூலையில் பிராசஸரின் முழுப் பெயர் தெரியும். எங்கள் லேப்டாப்பில் வந்தது இன்டெல் கோர் ஐ5-4200யூ.

இந்தப் பெயரைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஐ5 என்பதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். கோடுக்குப் பின்னால் வரும் எண்தான் விஷயம். நான்கு இலக்கம் என்றால் முதல் இலக்கம் தலைமுறை: 4200 என்றால் நான்காம் தலைமுறை, 8250 என்றால் எட்டாம் தலைமுறை. ஐந்து இலக்கம் என்றாலோ, நான்கு இலக்கமே 1இல் தொடங்கினாலோ முதல் இரண்டும். கடைசியில் வரும் எழுத்து யூ என்றால் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் ரகம். எச் என்றால் உழைக்கும் ரகம். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இதெல்லாம் இருக்காது. வெறும் ஐ5, ஐ7 என்று மட்டும் மின்னும்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன் ஒருவரிடம் 200 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) ‘ஐ7 கேமிங் லேப்டாப்’ ஒன்றை வாங்கினேன். எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் வைத்துக் கைமாறியது. திறந்து காட்டினார், யூடியூப் ஓடியது, நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் வந்து பார்த்தால் ஐ7-2620எம். இரண்டாம் தலைமுறை, இரண்டே கோர், கிராஃபிக்ஸ் எச்டி 3000. கேமும் கிராஃபிக்ஸும் பேசிக்கொள்ளும் மொழி மாதிரி டைரக்ட்எக்ஸ். அந்த கிராஃபிக்ஸுக்கு டைரக்ட்எக்ஸ் 11 தெரியாது, 10.1 உடன் அதன் படிப்பு முடிந்தது. எத்தனை ஜிபி ரேம் போட்டாலும் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 அதில் திறக்காது. இன்று அம்மா அதில் பழைய பாட்டு கேட்கிறார்.

அதனால் கிராஃபிக்ஸைப் பார்க்கும் இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் சின்னப் பெட்டி ஒன்று வரும். அதில் டி-எக்ஸ்-டி-ஐ-ஏ-ஜி என்ற ஆறு ஆங்கில எழுத்துகளை இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் தட்டுங்கள். வரும் பக்கத்தின் கீழே ‘டைரக்ட்எக்ஸ் வெர்ஷன்: 12’ என்று இருக்கும். இதைப் பார்த்து ஏமாந்தவர்கள் ஏராளம். அது விண்டோஸில் இருக்கும் டைரக்ட்எக்ஸ். விண்டோஸ் 10 போட்ட எந்தப் பழைய பெட்டியிலும் அந்த 12 இருக்கும். என் 200 வெள்ளி ஐ7 கூட ‘12’ என்றுதான் பெருமையாகக் காட்டியது.

பார்க்க வேண்டியது மேலே உள்ள டிஸ்பிளே தாவல். அங்கே வலப்பக்கம் ஃபீச்சர் லெவல்ஸ் என்று ஒரு வரி. அதில் இருக்கும் மிகப் பெரிய எண்தான் உங்கள் கிராஃபிக்ஸின் உண்மையான தகுதி. எங்கள் லேப்டாப்பில் 11_1 என்று தொடங்கியது. கிராஃபிக்ஸ் எச்டி 4400. அப்பாடா என்றிருந்தது. அந்த வரி 10_1 என்று தொடங்கினால், இன்று புழக்கத்தில் இருக்கும் பெரும்பாலான ஆன்லைன் கேம்களுக்குக் கதவு அடைபட்டது என்று அர்த்தம். தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்டுக்கொள்ளும் மேசைக் கணினி என்றால் வழி உண்டு. லேப்டாப்பில் கிராஃபிக்ஸ் பலகையோடு ஒட்டிப் பிறந்தது. அங்கேயே நிறுத்திவிடலாம், கீழே இருக்கும் எந்தப் படியும் உதவாது.

சில லேப்டாப்களில் இரண்டு கிராஃபிக்ஸ் இருக்கும்: இன்டெல் ஒன்று, என்விடியா அல்லது ஏஎம்டி ஒன்று. அதே பெட்டியில் டிஸ்பிளே 2 அல்லது ரெண்டர் என்று இன்னொரு தாவல் தெரிந்தால் உங்களுடையது அந்த ரகம். அப்படி இருந்தும் கேம் சோம்பலான இன்டெலில் ஓடிக்கொண்டிருக்கலாம். செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே, கிராஃபிக்ஸ் என்று போய், அந்த கேமைச் சேர்த்து, ஹை பெர்ஃபாமன்ஸ் என்று மாற்றிவிடுங்கள். ஒரு காசு செலவில்லாமல் எஃப்பிஎஸ் இரட்டிப்பானதை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது கையில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன, பிராசஸரும் கிராஃபிக்ஸும். அவற்றை கேம் நிறுவனத்தின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். நான் பொதுவாகச் சொல்லும் நான்கு:

வேலரன்ட்டுக்கு எச்டி 4000, 4 ஜிபி ரேம் என்பது மேலே சொன்னது. டோட்டா 2க்கு 2.8 ஜிகாஹெர்ட்ஸ் இரட்டைக் கோர், 4 ஜிபி ரேம், 60 ஜிபி இடம். கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2க்கு நான்கு திரெட் (பிராசஸர் ஒரே நேரத்தில் நடத்தும் வேலை வரிசை), ஐ5-750 அல்லது மேல், 8 ஜிபி ரேம், டைரக்ட்எக்ஸ் 11 தெரிந்த 1 ஜிபி கிராஃபிக்ஸ், 85 ஜிபி இடம். கென்ஷின் இம்பாக்ட்டுக்கு 8 ஜிபி ரேமும் ஜிடி 1030 கார்டும். இந்த நான்கில் கென்ஷின்தான் பழைய லேப்டாப்பைப் படாத பாடு படுத்தும். பெயர் பட்டியலில் இல்லாவிட்டால், உங்கள் கிராஃபிக்ஸ் பெயரையும் கேம் பெயரையும் சேர்த்து யூடியூபில் தேடுங்கள். உலகத்தில் எங்கோ ஒருவர் அதே கிழட்டுப் பெட்டியில் ஓட்டிப் படம் பிடித்திருப்பார். திரையின் மூலையில் எஃப்பிஎஸ் எண் தெரியும் படமாகப் பாருங்கள். அதுவும் வெறும் பயிற்சிக்களம் வேண்டாம், பத்துப் பேர் மோதும் நேரமாகப் பாருங்கள்.

விண்டோஸ் எந்தப் பதிப்பு, காவல்காரன் உள்ளே விடுவானா?

ஆன்லைன் கேமுக்கே உரிய தலைவலி இது. தனியாக ஆடும் கேம் என்றால் வேகம் மட்டும்தான் பிரச்சினை. ஆன்லைனில் ஏமாற்று வேலையைத் தடுக்க ஒரு காவல் மென்பொருள் கூடவே வரும். கணினி எவ்வளவு வேகமானாலும் அது ஒப்பவில்லை என்றால் உள்ளே போக முடியாது.

வேலரன்ட்டின் காவல்காரன் பெயர் வேன்கார்ட். கணினி பூட் ஆகும்போதே எழுந்து, விண்டோஸின் அடித்தளத்தில் உட்கார்ந்துகொள்ளும். 2024 மே முதல் லீக் ஆஃப் லெஜண்ட்ஸுக்கும் அதுவே. விண்டோஸ் 11 இருக்கும் கணினியில் வேலரன்ட் விளையாட டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளோடு மட்டும் கணினியை எழவிடும் வசதி) இரண்டும் இயங்க வேண்டும். இல்லாவிட்டால் வேன் 9001 அல்லது வேன் 9003 என்று ஒரு பிழை எண்ணைக் காட்டி வெளியே தள்ளிவிடும்.

எப்படிப் பார்ப்பது? விண்டோஸும் ஆர் எழுத்தும் அழுத்தி, எம்-எஸ்-ஐ-என்-எஃப்-ஓ-32 என்று அடியுங்கள். வரும் பட்டியலில் பயாஸ் மோட் என்ற வரியைத் தேடுங்கள். பயாஸ் என்பது விண்டோஸுக்கு முன்னால் எழுந்து கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருள். யூஇஎஃப்ஐ என்றிருந்தால் நல்லது. லெகசி என்றிருந்தால் செக்யூர் பூட் இயங்காது. அதற்குச் சில வரி கீழே செக்யூர் பூட் ஸ்டேட், ஆனா ஆஃபா என்று சொல்லும். டிபிஎம் பார்க்க, அதே சின்னப் பெட்டியில் டி-பி-எம், ஒரு புள்ளி, எம்-எஸ்-சி.

இங்கே ஒரு எச்சரிக்கை. லெகசியிலிருந்து யூஇஎஃப்ஐக்கு மாற்ற பயாஸுக்குள் போய் ஒரு பொத்தானைத் திருப்பினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். வட்டைப் பிரித்திருக்கும் முறையையும் முதலில் மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை விண்டோஸே எழாது. அதில் குடும்பப் படங்கள் இருந்தால், நகல் எடுக்காமல் கை வைக்காதீர்கள்.

எங்கள் லேப்டாப்பில் இருந்தது விண்டோஸ் 10. நான்காம் தலைமுறைக்கு விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கிடையாது. இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. வீட்டுக் கணினிகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பை மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்க ஒரு திட்டம் வைத்தார்கள். ஆதரவு முடிந்ததால் கேம் அன்றே நின்றுவிடாது. ஆனால் எத்தனை நாளைக்கு என்பதற்கு கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீம் ஒரு பாடம்: விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் விடை கொடுத்தது, ஸ்டீம் 2024 ஜனவரி 1இல் கைவிட்டது. நடுவே நான்கு வருடம். பையனின் உயர்நிலைப் படிப்பு முடியும்வரை தாக்குப்பிடித்தால் போதும் என்று நான் கணக்குப் போட்டேன். ஆனால் அக்காவின் வங்கிக் கணக்கை இனி இந்தக் கணினியில் திறக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

ரேமும் வட்டும்: காசு வேலை செய்யும் இடம்

டாஸ்க் மேனேஜரில் மெமரியைத் தட்டினால் எத்தனை ஜிபி, எத்தனை துளையில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று தெரியும். எங்களுக்கு 4 ஜிபி, ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு 1 ஆஃப் 2’. இந்தக் கடைசி வரி தங்கம். ஒரு துளை காலி.

தனி கிராஃபிக்ஸ் இல்லாத லேப்டாப்பில், கிராஃபிக்ஸும் ரேமிலிருந்துதான் கடன் வாங்கும். 4 ஜிபியில் விண்டோஸ் சாப்பிட்டது போக, கிராஃபிக்ஸ் எடுத்தது போக, கேமுக்கு மிஞ்சுவது கொஞ்சம். அதைவிட முக்கியம் வேகம். டிடிஆர்3-1600 ரேம் ஒரு பட்டை மட்டும் இருந்தால் நொடிக்கு 12.8 ஜிபிதான் கடத்தும். இரண்டு பட்டை போட்டால் இரண்டு வழியாகச் சேர்ந்து 25.6. இருக்கும் ஒரே வாளியால் தண்ணீர் இறைப்பதற்கும் இரண்டு பேர் மாறி மாறி இறைப்பதற்கும் உள்ள வித்தியாசம். எட்டு ஜிபி ஒற்றைப் பட்டையைவிட நாலும் நாலுமாக இரண்டு பட்டை இந்த மாதிரி கணினிக்கு மேல்.

வாங்கும்போது பழைய பட்டையைக் கழற்றி, அதன் லேபிளைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போங்கள். டிடிஆர்3 என்று வாயால் சொன்னால் போதாது. இந்தத் தலைமுறை லேப்டாப்பில் 1.35 வோல்ட் டிடிஆர்3எல் வேண்டும், 1.5 வோல்ட் சாதாரண டிடிஆர்3 அதே துளையில் அழகாக உட்காரும், ஆனால் கணினி எழாது. லேபிளில் பிசி3எல் என்று அந்த ‘எல்’ இருக்கிறதா பாருங்கள். ஒருமுறை அதைக் கவனிக்காமல் வாங்கி, சிம் லிம் ஸ்குவேருக்கு இரண்டு நடை நடந்தேன். தேக்காவில் மட்டன் பிரியாணி சாப்பிட ஒரு சாக்குக் கிடைத்தது, அவ்வளவுதான். சில மெல்லிய லேப்டாப்களில் ரேம் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே இந்தப் படிக்கே வேலையில்லை.

அடுத்து டிஸ்க். டாஸ்க் மேனேஜரின் இடப்பக்கத்திலேயே எஸ்எஸ்டியா (சுழலாத, வேகமான வட்டு) எச்டிடியா என்று எழுதியிருக்கும். சுழலும் எச்டிடி என்றால், கேமைத் திறந்ததும் டிஸ்க் 100 சதவீதத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். முதல் சுற்றில் எல்லாரும் ஓடத் தொடங்கிய பிறகு நமக்கு மட்டும் வரைபடம் வந்துகொண்டிருக்கும். எஸ்எஸ்டி மாற்றினால் இந்தக் காத்திருப்பு போகும். எஃப்பிஎஸ் கூடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள், அது வேறு இலாகா. 128 ஜிபி எஸ்எஸ்டி மலிவு என்று எடுத்துவிட்டு, 85 ஜிபி கேமை அதில் அடைக்க முடியாமல் விழிக்கவும் வேண்டாம்.

வெயிலும் தூசியும்

இந்த ஊரில் இதைத் தனியாகப் பார்த்தே ஆக வேண்டும். பகலில் 31, 32 டிகிரி, ஏர்கான் போடாத அறை, மெத்தை மேல் லேப்டாப். சூடு ஏறினால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ‘முதல் பத்து நிமிஷம் நல்லா ஓடுது மாமா, அப்புறம் திக்குது’ என்று யாராவது சொன்னால், பத்தில் எட்டு முறை இதுதான்.

சோதிப்பது சுலபம். கேமை அரை மணி நேரம் ஓடவிட்டு, அவ்வப்போது டாஸ்க் மேனேஜரில் சிபியூ வேகத்தைப் பாருங்கள். எங்களுக்குத் தொடக்கத்தில் 2.3 ஜிகாஹெர்ட்ஸை ஒட்டி இருந்தது. பதினைந்தாவது நிமிடம் 1.1, பிறகு 0.8. காற்றாடி மட்டும் ஜெட் விமானம் மாதிரி கத்திக்கொண்டிருந்தது.

பின்மூடியைக் கழற்றினோம். காற்று வெளியேறும் செதில்களின் வாயில், கம்பளித் துண்டு மாதிரி ஒரு தூசிப் படலம். சாதாரணத் தூசி ஊதினால் பறக்கும். இது பறக்கவில்லை. விரலால் எடுத்தால் பிசுபிசுவென்று கறுப்பாக வந்தது. முகர்ந்து பார்த்தால் சாம்பிராணி வாசம். இத்தனை வருடம் பூசை மேடைக்குப் பக்கத்தில் இருந்து வெள்ளிக்கிழமைப் புகையெல்லாம் உள்ளே இழுத்திருக்கிறது. மெல்லிய தூரிகையால் சுரண்டி, காற்றாடி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு ஊதி, பிராசஸரின் சூட்டைக் கடத்தும், காய்ந்து சுண்ணாம்பாகிவிட்ட தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக ஒரு பொட்டு வைத்தோம். மூடியைத் திறக்கப் பயமாக இருந்தால் கடையில் கொடுங்கள், அது தப்பில்லை. பேட்டரி உப்பியிருப்பது தெரிந்தால் மட்டும் தொடாமல் நிறுத்திவிடுங்கள். அதைக் குத்திவிட்டால் தீப்பிடிக்கும்.

சார்ஜர் செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பேட்டரியில் ஓடும்போது வேகம் குறையும். பின்பக்கம் இரண்டு பாட்டில் மூடியை முட்டுக் கொடுத்தாலும் அடியில் காற்று போகும்.

லேக் என்றால் எந்த லேக்?

படம் திக்குவதும் இணையம் திக்குவதும் வேறு வேறு. திரையே ஸ்லைடு போட்டது போல் நின்று நின்று போனால் கணினி. படம் வழுக்கிக்கொண்டு போகிறது, ஆனால் ஆட்கள் திடீரென்று இடம் மாறுகிறார்கள், சுட்டவன் சாகவில்லை என்றால் இணையம். இதைப் பிரிக்கத் தெரியாமல் நல்ல லேப்டாப்பைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை. வேலரன்ட், டோட்டா 2, கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 எல்லாவற்றுக்கும் இந்த ஊரிலேயே சர்வர் இருக்கிறது. வயர் செருகி விளையாடினால் பிங் (சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், மில்லி செகண்டில்) ஒற்றை இலக்கத்தில்கூட நிற்கும். 30, 40 என்று ஏறி இறங்கினால் பெரும்பாலும் தவறு வீட்டுக்குள்ளேதான். ஆன்லைன் கேம் ஓடும்போது அது இழுக்கும் டேட்டா மிகக் குறைவு. அதனால் ‘பிளானை ஏத்துங்க’ என்று யார் சொன்னாலும் உடனே ஏற்றாதீர்கள்.

முதலில் ரௌட்டர் வரை பாதை சரியா என்று பாருங்கள். கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ஐ-பி-சி-ஓ-என்-எஃப்-ஐ-ஜி என்று அடித்தால் டிஃபால்ட் கேட்வே என்று ஓர் எண் வரும். அதுதான் உங்கள் ரௌட்டர். அடுத்து பி-ஐ-என்-ஜி, ஓர் இடைவெளி, அந்த எண், மறுபடி ஓர் இடைவெளி, ஒரு சின்னக் கோடு, டி. இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். எல்லா வரியிலும் 1, 2, 3 மில்லி செகண்ட் என்று வந்தால் நல்லது. நடுநடுவே 80, 150 என்று குதித்தால், கேம் சர்வரைத் திட்டுவதில் அர்த்தமில்லை. உங்கள் வைஃபைதான் காரணம்.

புதிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இதற்கு ஒரு பழைய குற்றவாளி உண்டு: பாம் ஷெல்ட்டர் என்ற வெடிகுண்டுக் காப்பறை. அதன் சுவர் கனத்த கான்கிரீட், கதவு இரும்பு. ரௌட்டரை அரிசி மூட்டையோடும் காலணிகளோடும் அதற்குள் வைத்துவிட்டு, அறையில் சிக்னல் இல்லை என்று புலம்புவார்கள். வெளியே எடுத்து வையுங்கள். பழைய லேப்டாப்பில் வைஃபை கார்டும் பழசாக இருக்கும். வீட்டில் 5 ஜிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் இருந்து, அது கைப்பேசியில் தெரிந்து லேப்டாப்பில் தெரியாவிட்டால், கார்டுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். அக்கம்பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் அதே அலைவரிசையில் முட்டிக்கொள்ளும். தீர்வு மலிவானது: ஒரு லேன் கேபிள். அக்கா வீட்டில் வரவேற்பறையிலிருந்து கதவடி வழியாக ஒன்றை இழுத்துவிட்டோம். தடுக்கி விழப்போகிறார்கள் என்று முதல் வாரம் முழுக்கத் திட்டு வாங்கினான்.

நிஜமாக ஓட்டிப் பார்ப்பது

இலவச கேம் என்றால் இறக்கிப் பார்த்துவிடலாம். ஸ்டீமில் காசு கொடுத்து வாங்குவதென்றால், வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது இரண்டு மணி நேரத்துக்குள் இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த இரண்டு மணி நேரத்தைச் சோதனைக்கே செலவிடுங்கள்.

முதலில் ரெசல்யூஷனைக் குறையுங்கள். 1920க்கு 1080 என்றால் ஒவ்வொரு படத்துக்கும் 20 லட்சத்துக்கு மேல் புள்ளிகள் வரைய வேண்டும். 1280க்கு 720 என்றால் 9 லட்சம் சொச்சம். பாதிக்கும் கீழே. அப்புறம் நிழல், அப்புறம் மற்றதெல்லாம் ‘லோ’. பின்னால் திறந்து கிடக்கும் பிரவுசரை மூடுங்கள். கேமின் செட்டிங்ஸிலேயே எஃப்பிஎஸ் காட்டும் வசதியைப் போட்டுவிட்டு, சராசரியை விட்டு, ஆள் கூடிப் புகைக்குண்டு போடும் நேரத்தில் எண் எவ்வளவு கீழே விழுகிறது என்று பாருங்கள். தோற்பது அந்த நொடியில்தான்.

எங்கள் கணக்கு இது. வந்த நிலையில் 25 சுற்றி, கூட்டத்தில் 12. தூசி எடுத்த பிறகு 32, கூட்டத்தில் 20. இன்னொரு 4 ஜிபி பட்டையும் எஸ்எஸ்டியும் போட்ட பிறகு 720இல் 48, கூட்டத்தில் 33. நான் முதலில் சொன்ன 60 வரவில்லை. இந்தப் பெட்டியில் வரவும் வராது. அதை அவனிடம் ஒளிக்காமல் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, கூட்டாளிகளோடு வேலரன்ட்டை விளையாட்டுக்கு ஆடுவதாகவும், தரவரிசைக்கு லீக் ஆடுவதாகவும் முடிவு செய்தான். அது இதில் தாராளமாக ஓடுகிறது.

எவ்வளவு வரை செலவழிக்கலாம்?

பத்து வயது தாண்டிய லேப்டாப்புக்கு நான் போடும் உச்சவரம்பு 100 வெள்ளி. அதற்கு மேல் போகிறது என்றால், அந்தக் காசை எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆன பழைய கணினிக்குச் சேர்த்து வையுங்கள். வாங்கும் எஸ்எஸ்டியை நாளைக்குக் கழற்றி வேறு பெட்டியில் போடலாம், அதனால் அந்தச் செலவு வீணாகாது. டிடிஆர்3எல் ரேம் அப்படியல்ல. அது இந்தப் பெட்டியோடு சரி. கழித்துக் கட்டுவதென்று ஆகிவிட்டால் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். 2021 ஜூலையிலிருந்து மின்கழிவுக்குத் தனி ஏற்பாடு இருக்கிறது. பேரங்காடிகளிலும் சமூக மன்றங்களிலும் தொட்டிகள் உண்டு. வட்டை மட்டும் முதலில் கழற்றிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. கேம்கள் வளர்ந்துகொண்டே போகும். 2023 செப்டம்பர் 27இல் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 வந்தபோது டைரக்ட்எக்ஸ் 9 கிராஃபிக்ஸ், 32 பிட் விண்டோஸ், மேக் மூன்றும் ஒரே நாளில் வெளியே நின்றன. முதல் நாள் வரை முந்தைய பதிப்பை ஆடியவர்களுக்கு மறுநாள் புதியதில் இடமில்லை. அதனால் பார்த்ததையெல்லாம் ஒரு சீட்டில் எழுதி லேப்டாப்பின் அடியில் ஒட்டிவிடுங்கள். எங்கள் சீட்டில் இருப்பது: ஐ5-4200யூ. எச்டி 4400, லெவல் 11_1. 4+4 டிடிஆர்3எல். எஸ்எஸ்டி 240. விண்டோஸ் 10, யூஇஎஃப்ஐ. தூசி எடுத்தது ஜூன். புது கேம் பேர் எதையாவது சொல்லிக்கொண்டு அவன் வந்தால், இருவரும் லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்துக்கொள்கிறோம்.